வாசலுக்கு வலப்பக்கத்து மண்

ஜூன் 4

அன்புள்ள கட்டெறும்புக்கு,

மாமன் எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். உங்கப்பா போனில் கத்துவார் என்றேன், கத்தினார். நீயும் பதிலுக்குக் கத்துவாய் என்றேன், கத்தினாய். அதற்கப்புறம் என் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணுவாய் என்றும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்பாய். நம் தெருமுனைத் தையல்காரரிடம். வேண்டுமானால் அவரையே கேட்டுக்கொள். அதனால்தான் கடுதாசி. இது கட் பண்ண முடியாத சாமான்.

ஏதோ நான் உன் வீட்டு ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்த மாதிரிப் பேசினாயாம். நீயே சொல், மண்பார்ப்பில் அப்படி என்ன தெரிந்துவிடும்? ஒரு இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து வந்து சலித்து, மரத்தட்டில் பரப்பி, ஈரத்துணியால் மூடி வைக்கிறோம். அங்கே யார் நடந்தாலும் இங்கே தட்டில் தடம் விழும், சட்டைப் பொத்தான் அளவுக்கு. முகம் தெரியாது, பேச்சுக் கேட்காது. பாதம் மட்டும்தான். பாதத்தில் என்ன ரகசியம் இருக்கிறது?

மரக்கிடங்கில் காவலுக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் தட்டுப் பார்க்கிறேன். ஆறு கிளைக் கிடங்குகளின் மண் என் முன்னால் வரிசையாக இருக்கும். இந்த வேலையில் என் கண்ணை மிஞ்ச ஆள் கிடையாது. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாத்தியாருக்குத்தான் நஷ்டம்.

உன்னை அந்த ஊரில் குடிவைக்க வந்தபோது உங்கம்மா நான் சொன்னபடி வாசலுக்கு வலப்பக்கத்து மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். வலப்பக்கம்தான் எடுக்க வேண்டும். இடப்பக்கம் எடுத்தால் போகிறவர்கள் எல்லாம் வருகிற மாதிரித் தெரியும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பெற்றவள் பக்கத்தில் இல்லை, பிள்ளையின் காலடியையாவது பார்த்துக்கொள்ளட்டுமே என்றுதான் செய்தேன். தினமும் சாயங்காலம் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

நீ இடது காலை லேசாக இழுத்து நடக்கிறாய். செருப்பை மாற்று.

உன் தடத்துக்குப் பக்கத்தில் விழுகிற அந்த இன்னொரு தடத்தைப் பற்றி நீ அதிகம் யோசிக்காதே. பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம், தபால்காரனாக இருக்கலாம். துணைக்கு ஒரு ஆள் நடந்தால் குடியா முழுகிவிடும்? உங்கம்மாவுக்கு அதைப் பார்த்து சந்தோஷம்தான். போதாத காலம், உங்கப்பா ஒருநாள் கூடவே வந்து தட்டைப் பார்த்துவிட்டார். கடைகடையாய் ஏறி எடைக்கல் சோதிக்கிற உத்தியோகம் அவருக்கு, கண்ணால் பார்த்ததை விடவே மாட்டார். மாதக் கடைசியில் வந்து உன்னைப் பெட்டி படுக்கையோடு கூட்டிவரப் போகிறாராம். நான் இருக்கிறேன், கவலைப்படாதே.

உன் மாமன்


ஜூன் 9

மாமா,

உங்கள் போனை நான் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதே இல்லை. எழுதினால் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் சும்மா இருந்துதான் ஆக வேண்டும்.

நான் குடியிருப்பது நாலாவது மாடி. என் வாசல் சிமெண்டு. படிக்கட்டு சிமெண்டு. கீழே தெருவும் சிமெண்டு. இங்கே மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும். அம்மா எதை முடிந்துகொண்டு வந்தாளோ, எனக்குத் தெரியாது.

என் இடது கால் நன்றாக இருக்கிறது. நான் நாள் முழுக்கப் பார்ப்பதே மனிதர்கள் நடக்கிற நடையைத்தான். எங்கள் பொய்க்கால் பட்டறையில் ஒருவர் உள்ளே வரும்போது செருப்புச் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் பொய்க்கால் என்று சொல்லுவேன். பாதத்தில் என்ன ரகசியம் என்று கேட்கிறீர்கள். எல்லா ரகசியமும் அங்கேதான் மாமா.

என்னோடு யாரும் வருவதில்லை. நான் ஒத்தையாகத்தான் வருகிறேன், ஒத்தையாகத்தான் கதவைத் திறக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். “பொய் சொல்றவகிட்ட எனக்குப் பேச்சில்ல” என்று வைத்துவிட்டார்.

அப்பா என்னைக் கூட்டிப்போனால் என்ன போகப்போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து குழந்தைகளுக்குக் கால் செய்கிற மேசையை எனக்குத் தருவதாகப் பட்டறைக்காரம்மா சொல்லியிருக்கிறார். என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள், எனக்குத்தான் தருகிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “குழந்தை வளர்ந்துக்கிட்டே இருக்கும். வளர வளரப் புதுக் கால் வேணும். நடுவுல விட்டுட்டு ஊருக்குப் போற ஆளுக்கு இந்த மேசை கிடையாது. ஒண்ணாந்தேதி காலைல நீ இங்க உக்காந்திருந்தா உனக்கு. இல்லாட்டி அடுத்த ஆளுக்கு.”

போன வாரம் ஒரு சின்னப் பெண்ணுக்கு நான் தனியாகச் செய்த முதல் கால். மாட்டிவிட்டேன். எழுந்து நின்றாள். நேராகப் போய் அவள் அப்பாவின் பாதத்தை அந்தக் காலால் ஓங்கி மிதித்தாள். “வலிக்குதாப்பா?” என்றாள். “வலிக்குதுடி, நல்லா வலிக்குது” என்று அந்த மனுஷன் சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அந்தக் காலைச் செய்தவள் நான்.

உங்கள் தட்டால் இது என் கையை விட்டுப் போகக் கூடாது. அப்பாவிடம் போய் மூன்று வார்த்தை சொல்லுங்கள்: “என் தட்டு தப்பு.” அவ்வளவுதான்.

கட்டெறும்பு


ஜூன் 14

அன்புள்ள கட்டெறும்புக்கு,

மூன்றே வார்த்தையில் மாமனின் கழுத்தை அறுக்கப் பார்க்கிறாய். நன்றாகக் கடிக்கிறாய், பெயர் வைத்தது வீண்போகவில்லை.

என் தட்டா தப்பு? கிடங்கில் அஞ்சு திருடர்களைப் பிடித்துக் கொடுத்த தட்டு அது. போன தடவை மூன்று பேர் என்றுதானே சொன்னீர்கள் என்பாய். இரண்டு பேர் பின்னால் வந்து சேர்ந்தார்கள். முதலாளி என் தோளில் கை போட்டு, “நீ உக்காந்திருக்கிற வரைக்கும் எனக்குப் பூட்டே வேணாம்யா” என்றார். பூட்டு வாங்கினார், அது வேறு விஷயம்.

ஆனால் நாலாவது மாடி என்று எழுதியிருந்தாயே, அது என்னைக் கொஞ்சம் இடித்தது. நேராக உங்கம்மாவிடம் போனேன்.

“அக்கா, மண்ணை எங்க எடுத்தே?”

“வாசல்லதான்டா. வலப்பக்கம், நீ சொன்ன மாதிரியே.”

“வாசல்ல மண் இருந்துச்சா?”

“சிமெண்டுல ஏதுடா மண்ணு? வலப்பக்கம் ஒரு பூந்தொட்டி வச்சிருந்தா. அதுலேர்ந்து எடுத்தேன்.”

“தொட்டியிலயா!”

“ஏன் கத்தறே? வலப்பக்கம்னு சொன்னியே தவிர தரைன்னு சொன்னியா?”

சொல்லவில்லை. ஆனால் பார், இதிலும் ஒரு நன்மை. மண்ணை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது தான் பிறந்த இடத்தைத்தான் காட்டும்! இத்தனை வருஷத்தில் மண்பார்ப்புக்காரன் எவனாவது இதைச் சொல்லியிருக்கிறானா? எல்லாரும் தரை மண்ணை எடுத்தார்கள், ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. உங்கம்மா தொட்டியில் கையை விட்டாள், நான் உண்மையைக் கண்டுபிடித்தேன். தையல்காரரிடம் சொன்னேன், ஊசியை அப்படியே நிறுத்திவிட்டார். ஆக, என் தட்டு தப்பில்லை. வாசல்தான் தப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் வாசலை அல்ல, அந்தத் தொட்டி மண்ணைத் தோண்டிய இடத்தை.

இந்தச் சேதியை உடனே உங்கப்பாவிடம் கொண்டுபோனேன்.

“மச்சான், அது அவ வாசலே இல்ல. தொட்டி மண்ணு.”

“தொட்டி மண்ணோ சட்டி மண்ணோ, நான் பார்த்தேன்டா. ஜோடியா ரெண்டு பேர் தடம்.”

“அது வேற யாரோ, வேற எங்கேயோ.”

“அவ அழுததும் இன்னைக்கு வாசலை மாத்திட்டே. விட்டா நாளைக்கு ஊரையே மாத்துவே.”

அதனால் நீ ஒன்று செய். தொட்டி எங்கே வாங்கினாயோ அங்கே போய்ப் பார். இடது காலை இழுத்து நடக்கிற ஆள் அங்கே இருந்தே தீர வேண்டும், எழுதி வைத்துக்கொள். உங்கப்பா அன்றைக்கு அத்தாட்சி வேண்டும் என்று தட்டின் மேல் எண்ணெய்க் காகிதத்தை வைத்து நகல் எடுக்கச் சொன்னார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையதை இதோடு அனுப்புகிறேன். நகலில் இருக்கிற எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இடது கால் இழுக்கிற ஆளை மட்டும் பார்.

உன் மாமன்


ஜூன் 17

கட்டெறும்பு,

அவசரம், அதனால் சுருக்கமாக. உங்கப்பா டிக்கெட் வாங்கிவிட்டார். இருபத்தெட்டாம் தேதி ரயில். உன் அறைச் சாமான்களைக் கட்டக் கயிறுகூட வாங்கி வைத்திருக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. ரொம்ப சாமர்த்தியமாக ஒன்று சொன்னேன். “மச்சான், நாலு நாளா தட்டைப் பார்க்கிறேன், அந்த ஆளு இப்ப வர்றதே இல்ல” என்றேன்.

“ஆக, வந்துக்கிட்டு இருந்திருக்கான்” என்றார்.

சாமர்த்தியம் கொஞ்சம் மாறிப்போய்விட்டது. நீ சீக்கிரம் போய்ப் பார்த்துவிட்டு எழுது.

மாமன்


ஜூன் 22

மாமா,

போனேன். ஊர்க் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செடி வளர்த்து விற்கிற இடம். நான் தொட்டி வாங்கியது சந்தையில். சந்தைக்காரர்தான் மண் அங்கிருந்து வருகிறது என்று வழி சொன்னார். பட்டறையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உங்கள் காகிதத்தோடு போய் நின்றேன்.

சாயங்காலம் ஒரு அம்மா தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவில் நடந்தார். பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கால் குட்டை. முன்பாதத்தில் ஊன்றி, குதிகாலைத் தரையில் படவிடாமல் இழுக்கிறார். உங்கள் நகலில் இருக்கிற அதே நடை.

“அம்மா, உங்க காலைக் கொஞ்சம் அளந்துக்கலாமா?” என்றேன்.

“செடி வாங்க வந்தியா, என்னை வாங்க வந்தியா?”

விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். “அப்ப உங்க மாமா இத்தனை நாளா உக்காந்து என் காலையே பார்த்துக்கிட்டு இருந்திருக்காரா? வேற வேலை இல்லையா அந்த ஆளுக்கு?” கோபப்படுவார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஈர மண்ணில் நடந்து காட்டச் சொன்னேன். நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் ஓரத்தில் பென்சிலால் “இடது கால் ஒரு விரல் குறைவு” என்று கிறுக்கியிருந்தீர்கள். அளந்தேன். சரியாக ஒரு விரல் அகலம்.

மாமா, சட்டைப் பொத்தான் அளவுத் தடத்தை வைத்து, அதுவும் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, ஒரு விரல் வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். எங்கள் பட்டறையில் அளவுகோலும் சாய்வுப் பலகையும் வைத்துக்கொண்டே இதில் தடுமாறுகிறார்கள். பட்டறைக்காரம்மாவிடம் நகலைக் காட்டினேன். “யாரு எடுத்தது இது?” என்றார். “எங்க மாமா” என்றேன். இந்த வார்த்தையை இவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்கு உயரச் செருப்பு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது இன்னொரு விஷயம். நீங்கள் பார்க்க வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்துவிட்டேன்.

“உங்ககூட சாயங்காலம் யாராவது நடப்பாங்களா?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “இங்க யாரும்மா வருவா? நானும் குழாயும்தான்” என்றார்.

உங்கள் நகலில் பக்கத்திலேயே ஒரு கனமான ஆள் நடக்கிறான். அவன் தடத்தைப் பட்டறையில் விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். குதிகால் மட்டும் இருக்கிறது, விரல் இல்லை. அதைவிடப் பெரிய விசேஷம், அவனுக்கு இரண்டும் வலது கால். இடது கால் விழ வேண்டிய இடத்திலும் வலதுதான் விழுந்திருக்கிறது. அப்படி ஒரு ஆள் இருந்தால் தயவுசெய்து எங்கள் பட்டறைக்கு அனுப்பி வையுங்கள். முதல் ஆளாகக் கவனிக்கிறேன்.

அப்பாவுக்கு நான் சொன்னால் ஏறாது. அந்தத் தட்டு சொன்னால்தான் ஏறும். தட்டு உங்களிடம் இருக்கிறது. முதல் தேதி காலையில் நான் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் மாமா.

கட்டெறும்பு


ஜூன் 27

அன்புள்ள கட்டெறும்புக்கு,

உங்கப்பா வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தாகிவிட்டது. கயிறு துணிக்கொடி கட்ட உபயோகமாகிவிட்டது. முதல் தேதி நீ ராணி மாதிரி மேசையில் போய் உட்காரலாம். முடித்து வைத்தது யார்? மாமன்.

உன் கடுதாசியைத் தையல்காரரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கடையில் நல்ல கூட்டம், ஐம்பது பேர் இருக்கும். சரி, ஐந்து பேர். “சரியாக ஒரு விரல் அகலம்” என்கிற இடத்தைத் திரும்பவும் படிக்கச் சொன்னேன். “எங்க மாமா” என்கிற இடத்தை எத்தனை தடவை படிக்கச் சொன்னேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதற்குக் கீழே வந்ததும் அவர் படிப்பதை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மீதியை மனசுக்குள் படித்து, மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன்.

தட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கப்பா பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்தேன்.

“மச்சான், உங்களுக்கு அந்த ஆளைத்தானே பார்க்கணும்? இப்பவே வரவழைக்கிறேன். கண்ணை எடுக்காம பாருங்க” என்றேன்.

பார்த்தார். கண்ணுக்கு முன்னால் அவன் வந்து நடந்தான். ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்று. உங்கப்பா நகலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். உத்தியோகப் பழக்கம். அச்சு அசல் அதே ஆள். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்த எடைக்கல்லுக்கு முத்திரையே கிடையாதேடா” என்றார் கடைசியாக. பையைக் கவிழ்த்துச் சட்டைகளை அலமாரியில் திரும்ப அடுக்கினார். முதுகைக் காட்டிக்கொண்டே, “அந்தப் புள்ள கால்ல மிதிச்சிச்சாமே, அவங்கப்பன் என்னத்தைச் சொன்னான்?” என்று கேட்டார். உன் கடுதாசியை எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று படித்தார். இன்னும் திருப்பித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார். நீ எடு. அவரைக் கொஞ்சம் திணறவிடு, ரொம்ப விடாதே.

உங்கம்மாதான் என்னைப் பார்க்கவே இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவ ஒத்தையாத்தான் வராளா?”

“ஆமாக்கா. ஒத்தையாத்தான் வரா. ஒரு குறையும் இல்லன்னு எழுதியிருக்கா.”

தட்டின் மேல் ஈரத்துணியை இழுத்து மூடினாள். அப்புறம், “வாசல்ல சாவி போடற இடத்துல விளக்கு இருக்கான்னு கேட்டு எழுது” என்றாள். கேட்டுவிட்டேன். பதில் எழுது.

கிடங்கில் இனி என்னைக் கொஞ்ச நாளைக்கு ஓட்டுவார்கள். ஓட்டட்டும். மண்ணுக்குப் பிறந்த இடம்தான் இடம் என்று கண்டுபிடித்தவன் நான். ஒரு விரல் குறைவு என்று சொன்னதும் நான். அந்தத் திருடர்கள்கூட நிஜம்தான், எண்ணிக்கையில் மட்டும் என்னைக் கெடுபிடி பண்ணாதே. உன் மேசைக்கு வருகிற குழந்தைகளிடம் என்னைப் பற்றிச் சொல்.

ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். நீ கண்டுபிடித்துவிட்டாய், இருந்தாலும் என் வாயால் வரவேண்டும்.

முதல் வாரம் உங்கம்மா தினமும் வந்து உட்காருவாள். ஒரே ஒரு ஆளின் தடம் போகும், வரும். “ஒத்தையாவாடா வரா? பேச்சுத்துணைக்குக்கூட ஒரு நாதி இல்லையாடா?” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பிப் பார்த்தால் பக்கத்திலேயே இன்னொரு தடம். அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள். அதனால் மறுநாளும் அவன் வரவேண்டியதாகிவிட்டது. திருடன் கிருடன் வந்தால் சமாளிக்கட்டும் என்று கொஞ்சம் கனமான ஆளாகவே வைத்தேன்.

அவன் பொய்யம்மா. இரண்டும் வலது கால் என்று கேட்டிருந்தாயே, இடது கையால் ஈரத்துணியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அழுத்துவதற்கு வலது கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

உன் மாமன்